வீடு என்ன குற்றம் செய்தது?

அமெரிக்காவின் இதாகா ஊரில், ஒரு மாணவர் சங்கத்துப் பையன்கள் ஒன்றாகத் தங்கும் பழைய கல்வீட்டின் படத்தை, இன்றும் அதைப் பார்க்க முடிகிறதே என்று நேற்று போட்டேன். அதன் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். “குடித்துக் கூத்தடிக்கும் பையன்களின் வீட்டுக்கு வரலாறு வேறா?” என்று கேட்டவர் பத்து வருட நண்பர். இரவு முழுவதும் தூங்கவில்லை.

வரலாறு இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெல், தான் குடியிருக்க இதாகா மலைச்சரிவில் எழுப்பிய கோதிக் பாணிக் கல்வீடு அது. பெயர் லென்ராக், கார்னெல் என்பதை ஆங்கிலத்தில் பின்னிருந்து எழுதிய பெயர். தந்தித் தொழிலில் சம்பாதித்த மனிதர் 1860-களில் கட்டத் தொடங்கி, வேலை முடியும் முன்பே 1874 டிசம்பரில் இறந்துபோனார். “உண்மை, உறுதி” என்ற பொருளில் அவர் கொண்டிருந்த வாசகம் வாசலுக்கு மேல் கல்லில் நிற்கிறது. 1911-இல் டெல்டா ஃபை மாணவர் சங்கம் அதை வாங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கூரையைக் காத்து வருபவர்கள் அந்தப் ‘பையன்கள்’தான்.

அதே ஊரில் மர வணிகர் ஒருவரின் மகளான ஜென்னி மெக்ராவும் ஒரு மாளிகை கட்டினார். குடியேறாமலே 1881-இல் காசநோயால் இறந்தார். பிறகு கை சை என்ற மாணவர் சங்கத்தின் வீடாக இருந்த அது 1906 டிசம்பரில் எரிந்தது. நான்கு மாணவர்களும் மூன்று தீயணைப்புத் தொண்டர்களும் மாண்டார்கள். இன்று அந்த மாளிகையைப் பார்க்க முடியாது. லென்ராக்கைப் பார்க்க முடிகிறது. நான் சொன்னது இவ்வளவுதான்.

“இந்தச் சங்கங்களில் நடக்கும் கொடுமைகளை மறைக்கிறாயா?” என்றும் கேட்டார்கள். மறைக்கவில்லை. 1873-இலேயே அந்த ஊரில் வேறொரு சங்கம் புதியவர்களைச் சேர்க்கும் சடங்கில் ஒரு மாணவன் செங்குத்துப் பள்ளத்தில் விழுந்து இறந்தான். அதற்கு மனிதர்களைக் கேளுங்கள். கல்லையும் மரத்தையும் ஏன் திட்டுகிறீர்கள்? பணக்காரப் பிள்ளைகளின் இடம் என்கிறீர்கள். இருக்கட்டும். பணக்காரன் கட்டிய வீட்டில் கல்லைச் செதுக்கியவன் பணக்காரனா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்ட தங்கைக்குச் சொல்கிறேன். என் அப்பா ஏழு வருடம் சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்தன்று அவர் படத்துக்குத்தான் மாலை போட்டோம். பிறகு கடனுக்காக அதை விற்றோம். வாங்கியவர்கள் சுவரை இடித்தார்கள், வண்ணத்தை மாற்றினார்கள். போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். வாசலுக்கு மேலே சிமெண்டில் அப்பா எழுதிவைத்த பெயரை மட்டும் விட்டுவைத்து, அதைச் சுற்றிப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

அவர்கள் குடிப்பார்களா, கூத்தடிப்பார்களா என்று நான் விசாரிக்கவில்லை.