தீப்பட்ட ஸ்டீல் கட்டடத்தை இடித்தே ஆகவேண்டுமா?

"ஒருமுறை தீப்பட்ட ஸ்டீல் கட்டடம் தேறாது, மொத்தமாக இடிக்க வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

550 டிகிரி செல்சியஸில் ஸ்டீல் பலத்தில் கணிசமான பங்கை இழக்கும், சரிதான். ஆனால் ஆறியதும் சாதாரணக் கட்டுமான ஸ்டீல் அதைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றுவிடும். வளைந்தது மட்டும் தானாக நிமிராது. அதனால்தான் பொறியாளர் முதலில் நூல் பிடித்து, உத்தரம் வளைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். அப்புறம் போல்ட். அதிக வலுவுள்ள போல்ட்டுகள், தயாரிப்பின்போது ஏற்றிய உறுதியைச் சூட்டில் இழந்தால் கண்ணுக்குத் தெரியாது; சந்தேகம் இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

1990 ஜூனில் லண்டன் பிராட்கேட்டில், கட்டுமானத்தில் இருந்த 14 மாடிக் கட்டடம் நாலரை மணி நேரம் எரிந்தது. சில தூண்களின் உயரம் 10 சென்டிமீட்டர் வரை குறைந்தது. கட்டடம் விழவில்லை. கெட்ட பாகங்களை மட்டும் மாற்றி, 30 நாட்களில் சட்டகத்தைச் சீர்செய்தார்கள்.