உடம்பை மாற்றித் தருவார்களாம், வாளை மட்டும் மாட்டார்களாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீடியோ கேம்களில் அப்கிரேட் செய்து செய்து வளர்க்கிற ஆயுதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு புது வாளைக் கையில் திணித்து, பழசை விற்றுத் தொலை என்கிற கேம்களில் ஒரு வாளின் பெயர்கூட எனக்கு நினைவில் நின்றதில்லை. 2018ல் வந்த காட் ஆஃப் வாரின் லெவியாதன் கோடரி மட்டும் இன்னும் நினைவிருக்கிறது. கதாநாயகன் கிரேட்டோஸின் மறைந்த மனைவி வைத்திருந்த கோடரி அது, அதைச் செய்த குள்ளச் சகோதரர்கள் இருவருமே வழிநெடுக, ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கொண்டே, அதை அப்கிரேட் செய்து தருகிறார்கள்.

சரி, என் புலம்பல் எல்டன் ரிங் என்ற கேம் பற்றி.

சாமுராயாக ஆரம்பித்தேன். ஆரம்பத்திலேயே கையில் உச்சிகதானா என்ற ஜப்பானிய வாள். சாதாரண ஆயுதங்களை +0விலிருந்து +25 வரை அப்கிரேட் செய்யலாம், உச்சத்துக்குப் போனால் ஆயுதத்தின் அடிப்படை அடி மட்டுமே ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். புதிதாக வருகிறவர்கள் ரூன் (எதிரிகளைக் கொன்று சேர்க்கிற காசு) எல்லாவற்றையும் தன் ஆளின் லெவல் ஏற்றுவதில் கொட்டிவிட்டு, பெரிய எதிரியான பாஸ் சாகவே மாட்டேன் என்கிறான் என்று அழுவார்கள், ஆயுதத்தைப் பார்த்தால் +3ல் நிற்கும். கணக்கு இப்படி: ஆயுதத்தை அப்கிரேட் செய்ய ஸ்மிதிங் ஸ்டோன் என்ற கல் வேண்டும், ஒவ்வொரு தரத்துக் கல்லும் மூன்று படிக்கு உதவும், முதல் படிக்கு 2, அடுத்ததற்கு 4, மூன்றாவதற்கு 6. அப்புறம் அடுத்த தரத்துக் கல். நான் +18 வரை ஏற்றியிருந்தேன், அதாவது 72 கல். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சுரங்கத்தின் சுவரிலிருந்தோ, பிணத்தின் மடியிலிருந்தோ பொறுக்கியது.

அப்போதுதான் கேலிட் என்ற பகுதியில், ஒரு வண்டியின் பின்னால் இருக்கும் பெட்டியில், அந்த கிரேட்ஸ்வார்ட் கிடைத்தது. ஆள் உயரத்துக்கு இரும்புப் பலகை மாதிரி ஒரு வாள். பார்த்ததுமே ஆசை. ஆனால் தூக்க ஆளின் பலம், அதாவது ஸ்ட்ரெங்த், 31 வேண்டும், நம்ம ஆளோ சுறுசுறுப்பை நம்பி வளர்ந்தவன். பரவாயில்லை, ரென்னாலா என்ற ராணியிடம் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால், பலம், சுறுசுறுப்பு என்று ஸ்டேட்ஸ் மொத்தத்தையும் கலைத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். கொடுத்தேன், போட்டுக்கொண்டேன். ஒரே நிமிஷத்தில் நோஞ்சான் பயில்வானாகிவிட்டான். கிரேட்ஸ்வார்ட் மட்டும் +0.

என் கோபம் இங்கேதான். ஒரு மனிதனைக் கலைத்து மறுபடி பிறக்க வைக்க இந்த உலகத்தில் வழி இருக்கிறது, ஒரு வாளில் அடித்த கல்லைக் கழற்றி இன்னொரு வாளில் போட வழியில்லை! முழுசாகக்கூடக் கேட்கவில்லை, பாதிக் கல்லைத் திருப்பிக் கொடுத்தால் போதும். திறந்த உலகம், விருப்பம்போல விளையாடு என்று நூறு விதமான ஆயுதத்தைக் கண்ணில் காட்டிவிட்டு, முதலில் பிடித்ததையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கச் சொல்வது என்ன நியாயம்?

"பெல் பேரிங் என்ற பொருளைக் கொண்டுபோய்க் கொடு, கல்லைக் கடையிலேயே வேண்டியமட்டும் வாங்கலாம்" என்று யாராவது சொல்வீர்கள். தெரியும். ஆனால் ஒவ்வொரு தரத்துக்கும் அந்தப் பேரிங் எந்த மூலையில் இருக்கிறது என்று கேமுக்கு வெளியே தேடிப் படித்தால்தான் தெரியும், மேல் தரத்துக் கல்லுக்கானது கிடைப்பதற்குள் பாதிக் கதை முடிந்துவிடும்.

கல் திரும்பக் கிடைத்தால் முடிவுக்கு மதிப்பே இருக்காது என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. +25க்குக் கடைசியாக வேண்டிய ஏன்ஷியன்ட் டிராகன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஆயுதத்துக்கு என்று அரைமணி நேரம் யோசிப்பதில் ஒரு சுகம் உண்டு. அதை அப்படியே வைத்துக்கொள்ளட்டும். ஆறாம் தரத்துக் கல்லுக்கு எதற்கு இந்தக் கறார்?

இத்தனைக்கும் ஆயுதத்தை அப்கிரேட் செய்து தரும் ஹியூக் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சங்கிலியில் கட்டிப்போட்ட கொல்லன், தெய்வத்தையே கொல்லும் ஆயுதம் செய்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறான். அவன் இருக்கும் ரவுண்ட்டேபிள் மண்டபத்துக்குள் போனாலே அந்தச் சுத்தியல் சத்தம் கேட்கும். அவனிடம் கிரேட்ஸ்வார்டை நீட்டும்போது, உச்சிகதானாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது.

இப்போது கிரேட்ஸ்வார்ட் +14ல் நிற்கிறது. அடுத்த படிக்கு ஐந்தாம் தரத்துக் கல் 6 வேண்டும், கையில் இருப்பது 2. உச்சிகதானா பெட்டிக்குள் கிடக்கிறது, விற்க மனசு வரவில்லை.