பேட்டரி இல்லாத வாட்சுக்கு சர்வீஸே வேண்டாமா?

"விலை உயர்ந்த ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்றை வாங்கி லாக்கரில் வைத்துவிடுங்கள், பேட்டரி இல்லாததால் பேரப்பிள்ளை காலம் வரை சர்வீஸே தேவைப்படாது" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு, நம்பி ஏமாறாதீர்கள். (ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் வாட்ச்.)

இன்றைய ஆட்டோமேட்டிக் வாட்ச்கள் பலவற்றில் பேலன்ஸ் சக்கரம் (நேரத்தைச் சீராக வைக்க முன்னும் பின்னும் ஆடும் குட்டிச் சக்கரம்) மணிக்கு 28,800 முறை, அதாவது நொடிக்கு 8 முறை ஆடுகிறது. அதன் அச்சின் முனை கிட்டத்தட்ட தலைமுடி கனம்தான், ரூபி (மாணிக்க) கல்லில் போட்ட துளைக்குள் ஒரு பொட்டு எண்ணெயை நம்பி அது சுழல்கிறது. அந்த எண்ணெய் வாட்ச் ஓடாமல் சும்மா கிடந்தாலும் வருஷக்கணக்கில் கெட்டியாகும், அப்புறம் ஒருநாள் எடுத்து அப்படியே கட்டினால் அச்சின் முனை உரசித் தேய ஆரம்பித்துவிடும். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமும் இறுகிப்போகும். ரோலெக்ஸ் நிறுவனமே சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது.

சரி, பிள்ளைகளுக்குக் கொடுக்க எதை வாங்குவது? என்னைக் கேட்டால், பிராண்ட் பெயருக்கு முன்னால் பழைய மாடல்களுக்கு உதிரி பாகம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். சுவிஸ் வாட்ச் நிறுவனமான பட்டேக் ஃபிலிப் 1839 முதல் தான் செய்த எல்லா வாட்ச்களையும் பழுது பார்த்துத் தருவதாகச் சொல்கிறது. எல்லா நிறுவனமும் அப்படிச் சொல்வதில்லை. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் கொடுத்தாலும் தப்பில்லை, எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும், கசிந்தால் உள்ளே அரித்துவிடும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "பாலிஷ் போடாதீர்கள்" என்று எழுதியே கொடுங்கள், மழுங்கிய விளிம்பு திரும்ப வராது.