துண்டு போட்ட நாற்காலிகள்

கும்பகோணத்தில் மார்கழிப் பனி காலை எட்டு மணி வரை விலகுவதே இல்லை, என் வீட்டுக்காரருக்கு மூட்டுவலி வேறு, சரி, இரண்டு நாள் வெயில் காயலாம் என்று தரங்கம்பாடியில் ஒரு கடலோர விடுதியில் அறை எடுத்தோம். அறையைக் குறை சொல்ல மாட்டேன். கடலைப் பார்த்துப் போட்டிருக்கிற சாய்வு நாற்காலிகளில்தான் வயிற்றெரிச்சல். மொத்தமே எட்டு. காலை ஆறரைக்கே எட்டிலும் துண்டு, ஒன்றில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில், கீழே ஒற்றைச் செருப்பு. ஆள் ஒருவர்கூட இல்லை! பஸ் ஜன்னலில் துண்டு போடுகிறவர்களாவது ஏறி வந்து உட்காருவார்கள். நம் கரை கிழக்கு பார்த்தது, நல்ல வெயில் காலையில்தான். மூன்று மணிக்கெல்லாம் கட்டட நிழல் நாற்காலிகளை மூடிவிடுகிறது. துண்டுக்காரர்கள் நிதானமாக டிபன் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் 1620-ல் கட்டிய டேனிஷ் கோட்டையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். துண்டை எடுக்கவில்லை. வரவேற்பில் சொன்னால், "கெஸ்ட் பொருளை நாங்க தொடக்கூடாது மேடம்" என்கிறார்கள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அரைமணி நேரம் ஆள் வராவிட்டால் துண்டை மடித்து ஓரமாக வைக்கச் சொல்ல ஒரு ஆள் கிடையாதா?