கொரோனா கால ஆறு மாதத் தவணை தள்ளுபடியா? இல்லை, தள்ளிவைப்புதான்

“2020-ல் கட்டாத ஆறு மாத இ.எம்.ஐ. தள்ளுபடி, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது” என்று வட சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு.

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தந்தது அவகாசம் மட்டுமே. அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2021 மார்ச் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வட்டியை முழுதாகத் தள்ளுபடி செய்ய மறுத்தது. வட்டிக்கு வட்டியும் அபராத வட்டியும் கூடாது என்றது, அவ்வளவே.

பெரம்பூரில் ஒருவருக்கு 10 லட்சம் வீட்டுக்கடன், 9% வட்டி, 120 தவணை பாக்கி என்று வையுங்கள். மாதத் தவணை சுமார் 12,668 ரூபாய். ஆறு மாதத் தனிவட்டி 45,000. வட்டிக்கு வட்டி போட்டு மாதாமாதம் கூட்டினால் 45,852. ஆக, கழிந்தது 852 ரூபாய்! மீதி 45,000 அசலில் ஏறும். தவணைத் தொகை மாறாவிட்டால் 120 தவணை சுமார் 129 ஆகும். பலர் தடுமாறுவது இங்கேதான்: தவணைத் தொகை கூடவில்லை, அதனால் கடனும் கூடவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

2 கோடி வரையிலான கடன்களுக்கு இந்த வித்தியாசத்தை 2020 நவம்பரிலேயே அரசு திட்டப்படி வரவு வைத்தார்கள், தவணையைத் தவறாமல் கட்டியவர்களுக்கும்கூட. கடன் ஸ்டேட்மென்ட்டில் அந்த மாதத்தைப் பாருங்கள். ‘எக்ஸ் கிரேஷியா’ (கருணைத் தொகை) என்றிருக்கும். “தள்ளுபடி வாங்கித் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று யாராவது போன் செய்தால், வைத்துவிடுங்கள்.