தோற்ற விமானம் வீண் இல்லை

புதுப் போர் விமானத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு கம்பெனிக்கும் காசு கொடுத்து, இரண்டின் மாதிரி விமானத்தையும் பறக்கவிட்டு, ஒன்றை ஒதுக்குவது வீண் செலவு என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1975-ல் அமெரிக்க விமானப்படையின் போட்டியில் ஒய்எஃப்-16 என்ற மாதிரி விமானத்திடம் தோற்ற ஒய்எஃப்-17-ஐத்தான் அமெரிக்கக் கடற்படை எடுத்துப் பெரிதாக்கி எஃப்/ஏ-18 ஹார்னெட் போர் விமானம் ஆக்கியது.

சரி, அமெரிக்காவில் அதற்குப் பிறகு போயிங்கின் எக்ஸ்-32-க்கும் லாக்ஹீட் மார்ட்டினின் எக்ஸ்-35-க்கும் நடந்த போட்டியைப் பாருங்கள். காகிதத்தில் இரண்டுமே நன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் செங்குத்தாக இறங்கும்போது போயிங்கின் எக்ஸ்-32 என்ஜினின் சூடான காற்றையே கீழே தள்ளியது, அது தரையில் பட்டுத் திரும்பி காற்றை உள்ளிழுக்கும் முன்வாய்க்குள் புகுந்தால் என்ஜினின் வலு குறைந்துவிடும். லாக்ஹீட் மார்ட்டின் ஆட்கள் பைலட்டுக்குப் பின்னால் பெரிய விசிறி ஒன்றை வைத்து, அதை என்ஜினிலிருந்து வரும் ஷாஃப்ட்டால் சுற்றவிட்டார்கள், அதனால் முன்பக்கம் இறங்குவது சூடில்லாத காற்று. வியாசர்பாடியில் லேத் பட்டறையில் நிற்கிறவன் நான், அந்த ஷாஃப்ட்டும் கிளட்ச்சும் கியரும் அத்தனை வேகத்தில் தாங்கியதை நினைத்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது. 2001 ஜூலையில் எக்ஸ்-35 ஒரே பயணத்தில் குறைந்த தூரம் ஓடி எழும்பி, ஒலி வேகத்தைத் தாண்டி, செங்குத்தாக இறங்கியும் காட்டியது. அக்டோபரில் லாக்ஹீட் மார்ட்டினுக்கு ஆர்டர் கிடைத்தது. எக்ஸ்-32-ஐப் பக்கத்தில் பறக்கவிடாமல் இந்த வித்தியாசம் எப்படித் தெரிந்திருக்கும்?

அதே 2001 ஜனவரியில்தான் நம் தேஜஸ் போர் விமானத்தின் முதல் மாதிரி பெங்களூருவில் பறந்தது, அதற்கு எதிராகப் பறந்து காட்ட இங்கே இன்னொரு வடிவம் இல்லை. அடுத்த விமானத்துக்காவது இரண்டு குழுவிடம் கொடுங்கள், இரண்டையும் பறக்கவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.