பச்சையாகத் தின்ன முதலில் விளை வேண்டும்

இந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். "அக்கா, நீங்க சமைக்காத சாப்பாடுதானே சாப்பிடுறீங்க, அவகாடோ, சியா விதை, பாதாம் பால் எல்லாம் எங்க வாங்குறீங்க? மாசம் எவ்வளவு ஆகும்?" ஒருவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் அதில் ஒன்றையும் வாங்குவதில்லை. வயது 47, குமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் வீடு, தையல் வேலை. மீன், முட்டை, பால் விட்டு ஆறு வருடமாகிறது. காலையும் இரவும் அடுப்பில் ஏறாத சாப்பாடு. மத்தியானம் ஒரு நேரம் சமைத்தது, அதிலும் மீனோ பாலோ கிடையாது. முழுக்கப் பச்சையாக இருந்த ஒரு வருடமும் உண்டு, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். இத்தனை வருடம் இது தாக்குப்பிடித்ததற்கு என் மனவுறுதியை யாரும் மெச்ச வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற 30 சென்ட் விளையை, அதாவது மரத்தோப்பைத்தான் மெச்ச வேண்டும்.

வரிக்கச் சக்கை இரண்டு, கூழன் ஒன்று (இரண்டும் பலா வகை), தெங்கு பதினொன்று, அயனி (காட்டுப் பலா) ஒன்று, நாட்டு மா, நெல்லி, முருங்கை, தானாக முளைத்த பப்பாளிகள், வேலியோரம் மட்டி, செந்துளுவன், ரசகதலி வாழைகள். பப்பாளி தவிர மற்றதெல்லாம் என் மாமா, அதாவது வீட்டுக்காரருடைய அப்பா, வைத்தவை. மீன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத மனுசன் அவர். அவர் வைத்த மரங்கள்தான் இன்று என் காலைச் சாப்பாடு.

மட்டிப்பழத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்து மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில்தான் அது அதன் முழு மணத்தோடு வருகிறது. விரல் நீளம், கூரான மூக்கு, மெல்லிய தோல். பிள்ளைகளுக்கு முதல்முதலில் ஊட்டுகிற பழம் நம் வீடுகளில் இதுதான். லாரி ஏறித் தூரம் போகிற பழமல்ல, அதனால் வெளியூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியாது. காலையில் ஐந்து மட்டி, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், இரண்டு நெல்லிக்காய். பத்தரை மணி வரை மிஷினில் இருந்தாலும் வயிறு கூப்பிடாது.

வைகாசியில் வரிக்கச் சக்கை பழுத்தால் வாசம் அடுக்களைக்கே வந்து சொல்லும். பின்வாசலில் பழைய சாக்கை விரித்து, கத்தியிலும் இரண்டு உள்ளங்கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவேன். நெடுக்காகப் பிளந்ததும் நடுத்தண்டிலிருந்து பால் கசியும். ஈர்க்குச்சியில் அந்தப் பிசினைச் சுற்றிச் சுற்றி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மூன்று நாள் விரல் ஒட்டும். பிறகு சுளை ஒரு பாத்திரம், கொட்டை ஒரு பாத்திரம், மடல் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு. வரிக்கைச் சுளை பல்லில் நறுக்கென்று கடிபடும், கூழன் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கொட்டையை மட்டும் பச்சையாகத் தின்னக் கூடாது. புரதம் செரிக்கவிடாமல் தடுக்கிற பொருள் அதில் இருக்கிறது, வெந்தால்தான் அடங்கும். அது மத்தியானக் கறிக்கு.

இரவுச் சாப்பாட்டுக்கு, ஊறவைத்து முளைகட்டிய சிறுபயறு, வெள்ளரிக்காய், கேரட், சின்ன உள்ளி, கிடைத்தால் பச்சை மாங்காய், தேங்காய், எலுமிச்சை. முளைப்பயறை நன்றாகக் கழுவி அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். ஈரமும் கதகதப்பும் சேர்ந்தால் அதில் கிருமி வளரும், நம் ஊர்ச் சூட்டுக்கு மிச்சம் வைக்கவே கூடாது. சில நாள் அவல் நனைத்துத் தேங்காயும் பழமும் போட்டுக்கொள்வேன். கணக்குப் பார்த்தால் அவல் பச்சை உணவே இல்லை, நெல்லை நனைத்து வறுத்து இடித்ததுதான் அவல். எனக்கு அந்தக் கணக்கு முக்கியமாகப் படவில்லை.

இந்தக் கணக்குப் பார்க்கிறவர்கள்தான் "பச்சை முந்திரி"யில் சீஸ் செய்து வீடியோ போடுகிறார்கள். என் சித்தி இருபது வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டைத் தோடு உடைத்தவர். கொல்லாங்கொட்டையின் (முந்திரிக்கொட்டையின்) தோட்டுக்குள் தோலைப் பொசுக்குகிற எண்ணெய் உண்டு. அதனால் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோதான் உடைப்பார்கள், சூடு பார்க்காத பருப்பு கடைக்கு வருவது அபூர்வம். அப்படியும் சித்தி கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவார். விரல் நுனிகள் கருத்து வெடித்திருக்கும். அந்தக் கையாலேயே எனக்குச் சோறு பிசைந்து தந்திருக்கிறார். "பச்சை" என்று லேபிள் ஒட்டிய முந்திரிப் பாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இனி அந்த முழுப்பச்சை வருடம்.

மீனும் பாலும் விட்டு இரண்டு வருடம் கழித்து ஒரு இயற்கை உணவு முகாமுக்குப் போனேன். பெயர் வேண்டாம். கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம். தேங்காயும் பழமும் போதும், அடுப்பை அணைத்தால் நோய் அணையும் என்றார்கள். நம்பினேன். 11 கிலோ குறைந்தது, நெஞ்செரிச்சல் நின்றது, உடம்பு இறகு மாதிரி இருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். எட்டாவது மாதம் பாதத்தில் எறும்பு ஊர்வது போல ஒரு மரமரப்பு. நாக்கு வழவழப்பாகி எரிந்தது. ஒரு நாள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறேன், மிஷின் மிதி என் காலுக்குக் கீழே இருப்பதே தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் கால் அதன்மேல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். முகாமுக்குப் போன் செய்தேன். "விஷம் வெளியேறுது, பயப்படாதீங்க, இன்னும் கொஞ்சம் பழச்சாறு குடிங்க" என்றார்கள். அதையும் கேட்டு இன்னும் நாலு மாதம் ஓட்டினேன். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டு, பிறகு மாத்திரைக்கு வந்தேன். மரமரப்பு போக ஏழு மாதம் ஆனது.

இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். பி12 சத்தைச் செடியும் செய்வதில்லை, மரமும் செய்வதில்லை. நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன, மீன், முட்டை, பால் வழியாக நமக்கு வருகிறது. கழுவாத கீரையில் கிடைக்கும், சுருள்பாசியில் (ஸ்பைருலினா) கிடைக்கும் என்று சொல்வதை நம்பாதீர்கள். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி. கல்லீரல் பல வருடத்துக்கான பி12-ஐச் சேமித்து வைத்திருக்கும். அதனால் முதல் ஆறு மாதம், ஒரு வருடம் எல்லோருக்குமே நன்றாகத்தான் இருக்கும், மேடையேறிச் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாம் அந்தக் காலத்தில் இருப்பவர்கள். சேமிப்பு தீர்ந்த பிறகு நடப்பதைப் பார்க்க முகாம்காரர்கள் வருவதில்லை. நான் இப்போதும் பி12 மாத்திரை போடுகிறேன், வெளிப்படையாகச் சொல்வதில் ஒரு கூச்சமும் இல்லை.

தேங்காய்க்கும் அளவு உண்டு. 100 கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி, 33 கிராம் கொழுப்பு, புரதம் 3 கிராம்தான். கொழுப்பிலும் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயும் பழமும் மட்டும் தின்று உழைக்கிற உடம்புக்கு வேண்டிய புரதம் எங்கிருந்து வரும்? அதனால்தான் மத்தியானச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தேன். சோறு, வெந்த பயறு அல்லது கடலை, முருங்கையிலைத் துவரன், சில நாள் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு). மரச்சீனியைப் பச்சையாகத் தின்றால் அதிலிருந்து சயனைடு கிளம்பும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊறவைத்த ராஜ்மாவைப் பச்சையாகத் தின்றாலும் வாந்தியும் பேதியும்தான். பிலிம்பிக்காய் என்ற புளிப்புக் காயின் சாற்றைக் கொழுப்புக் கரைய என்று டம்ளர் டம்ளராகக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றிக் கேரள டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். பச்சையாக இருப்பதெல்லாம் நல்லது என்று நம் பாட்டிமார் ஒருநாளும் சொன்னதில்லை. எதை எப்படித் தின்ன வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

காந்தியும் இதைச் செய்து பார்த்தவர். 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு முறை, இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. 1929-இல் மறுபடியும் ஆசிரமத்து ஆட்களோடு. சீதபேதி வந்து நிறுத்தினார். இரண்டு முறையும் தோற்றதைத் தானே எழுதி வெளியிட்டார். சமைக்காத உணவைப் பற்றி ஊருக்குச் சொல்கிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அந்த நேர்மையை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன், அதே மாதிரி ஒரு முகாமின் பேச்சைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். சக்கையும் ஏத்தன் வாழைப்பழமும் தாராளமாகத் தின்றார். கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். சர்க்கரை இருப்பவர்கள் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் என் பதிவைப் பார்த்துக் கருக்கும் (இளநீரும்) பழமும் தொடங்கிவிடாதீர்கள், அதிலிருக்கும் பொட்டாசியம் உங்களுக்கு ஆபத்து.

மகளையும் இதில் இழுப்பதாக நினைக்க வேண்டாம். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள், நெத்திலி என்றால் உயிர். ஜெர்மனியில் பச்சை உணவுக்காரர்கள் 500 பேருக்குமேல் பங்கெடுத்த ஆய்வு ஒன்று 1999-இல் வந்தது. 45 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தவறியோ நின்றோ போயிருந்தது. வளர்கிற பிள்ளையிடம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது அம்மை வீடு. முழுப்பச்சையாக இருந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மரச்சீனி அவித்து, சாளைக் கறி வைத்து, மீன் திங்காதவளுக்கென்று தனியாகப் பயறும் சம்மந்தியும் (துவையலும்) செய்து வைத்திருந்தார். வேண்டாம் அம்மை, நான் பழம் கொண்டுவந்திருக்கேன் என்றேன். அம்மை ஒன்றும் பேசவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்ப நான் வச்சது ஒண்ணும் உனக்கு ஆகாது, இல்லியா மக்களே?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது மத்தியானத்துக்குத்தான் போகிறேன். பயறும் சம்மந்தியும் தட்டு நிறைய வாங்கித் தின்கிறேன். சாயங்காலம் கிளம்பும்போது அம்மையே ஒரு சீப்பு மட்டி எடுத்துப் பையில் வைக்கிறார், "ராத்திரிக்கு உனக்கு இதுதானே" என்று.

ஆடி, ஆவணி மழையில் இந்தச் சாப்பாடு கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சக்கை ஓய்ந்திருக்கும், மா முடிந்திருக்கும், விடாத சாரலில் உடம்பு சூடான கஞ்சிக்கு ஏங்கும். அந்த நாட்களில் இரவும் கஞ்சி குடிப்பேன்.

ஆனால் என் கவலை மழை பற்றியது அல்ல. எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை முன்பு ஏழு விளை இருந்தது. நாலில் ரப்பர் வந்தது. வளர்ந்த ரப்பருக்குக் கீழே வாழையும் நிற்காது, பப்பாளியும் நிற்காது, ஒரு அணில் தின்னக்கூட ஒன்றும் விழாது. ரப்பர்ப் பால் விலை சரிந்ததும் அதில் இரண்டை வெட்டிக் கல் நட்டு பிளாட் போட்டுவிட்டார்கள். வெட்டியதில், ரப்பருக்குத் தப்பி நின்ற ஒரு சக்கை மரத்தை இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. மரக்காரன் வந்து தடிக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது அதில் பிஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. நான் அன்று தைக்கப் போகவில்லை.

அந்த வீட்டுக்காரர்கள் இப்போது கடையில் பழம் வாங்குகிறார்கள். வெளியே மஞ்சள், உள்ளே கல். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்க 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே தடை இருக்கிறது, எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த மட்டுமே அனுமதி. கடைக்காரரிடம் எதில் பழுக்கவைத்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. சமைத்தால் கொஞ்சமாவது கழுவி, வேகவைத்துத் தின்கிறோம். பச்சையாகத் தின்கிறவளுக்கு அது வளர்ந்த மண்ணும் பழுத்த விதமும்தான் சமையல். அவகாடோ எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள், உங்கள் வீட்டைச் சுற்றி எத்தனை சென்ட் மண் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். சிமென்ட் போட்ட முற்றத்தின் ஓரத்தைக் கொஞ்சம் உடைத்தால் ஒரு வாழை நிற்கும். டெரசில் ஒரு சாக்கு மண்ணில் கீரை வரும்.

கேட்ட மூவருக்கும், வேறு யாருக்காவது வேண்டுமென்றாலும்: எங்கள் விளையில் மட்டி வாழைப் பக்கக்கன்று இப்போது ஒன்பது நிற்கிறது. காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் தோண்டித் தருகிறேன், சாக்கு மட்டும் கொண்டுவாருங்கள். மழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும்.